ஊசி நல்ல பக்கத்தில்

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, அடுத்ததை எண்ணலாமா கூடாதா, செல்லின் நடுப்புள்ளி தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. ரேணுகாதேவி மைக்ராஸ்கோப்பின் சின்னத் திருகை ஒரு மயிரிழை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தாள். தெரிந்தது. நாற்பத்துமூன்று. கட்டைவிரல் கையிலிருந்த எண்ணிக்கைக் கவுண்டரை அழுத்திற்று. மணி இரண்டேகால் ஆகியிருந்தது, இரண்டரைக்கு அவள் புருஷனுக்குக் கை நரம்பு டெஸ்ட். கல்லூரி கேட்டைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் ஆஸ்பத்திரி, நடந்தால் ஏழு நிமிஷம், எட்டிப் போட்டு நடந்தால் ஐந்து. அவளோ இரண்டாவது மாடியில், உடற்கூறியல் துறையின் கோடி அறையில், செத்து ஐந்து மாதமான எலியின் தண்டுவடத்துக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் சட்டையின் வலது கையை அவள் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது உமாபதி கேட்டார், "நீ வர்றியா ரேணு?" பொத்தானைப் போட்டபடியே அவள் சொன்னாள், "மேடம் இன்னைக்குள்ள எண்ணிக்கை கேட்டிருக்காங்க. உங்க பள்ளிக்கூடத்து ஃபாரூக் சார்தான் கூட வர்றாரே." மேடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. துறைத்தலைவர் பிரிசில்லா மேடம் சொன்னதெல்லாம், மிச்சமிருக்கிற பக்கத்தையும் எண்ணிவிட்டால் ஒரு வேலை முடியும், அவசரமில்லை என்பதுதான். கல்யாண வீட்டில் பிடிக்காத சொந்தக்காரர் வந்து நின்றால் சமையற்கட்டுக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுகிற ஆள் இவள், கேட்டால் வேலை கிடக்கிறதே என்பாள். நாற்பத்துநாலு. பயமாக இருந்தது. டெஸ்டில் ஒன்றும் வராவிட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று இவளுக்குத் தெரியும், அந்த முகம் முதலில் இவள் பக்கம்தான் திரும்பும் என்பதும் தெரியும், ஏனென்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னது டாக்டர் இல்லை, இவள்தான். நாற்பத்தைந்து.

சொன்னதற்கு ஆதாரம் இருந்தது, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, இதோ இந்தக் கண்ணாடித் துண்டுகள்தான் ஆதாரம். எலியின் இடது பின்னங்காலுக்குப் போகிற நரம்பை, தண்டுவடத்தை விட்டு வெளியே வந்த உடனேயே, வேரை ஒட்டி அறுத்துவிடுவார்கள். எட்டு வாரம் விட்டுவைப்பார்கள். அதுவும் மூன்று காலால் நொண்டிக்கொண்டு தின்னும், தூங்கும், கூண்டுக் கம்பியைக் கடிக்கும். அப்புறம் ஒருநாள் அதை மயக்கி, முடித்து, தண்டுவடத்தை எடுத்து மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி ஊதாச் சாயம் போட்டால், நரம்பின் உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரியும். காலில் ஓடுகிற நரம்புக்கு உயிர் காலில் இல்லை, தண்டுவடத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய செல்லின் வால்தான் அது. வாலை அறுத்தால் தலை என்ன ஆகிறது, இவ்வளவுதான் ரேணுகாதேவியின் ஆராய்ச்சி, நாலு வருஷமாக, முப்பத்தெட்டு வயதில், வகுப்பெடுத்துக்கொண்டே செய்கிற பிஎச்.டி. அறுபட்ட முதல் வாரத்தில் அந்தச் செல் வீங்கும். உடம்பெல்லாம் வரி வரியாக இருந்த சாயம் கரைந்து வெளிறிப்போகும், நடுவில் இருந்த கரு நகர்ந்து நகர்ந்து ஓரமாய் ஒதுங்கிவிடும். முதன்முதலில் அதைக் காட்டியபோது மேடம் சொன்னார், "ஏழாம் நாள் ஸ்லைடை வச்சு எதுவும் பேசக் கூடாதும்மா. பிழைக்கப்போற செல்லும் இப்படித்தான் இருக்கும், சாகப்போற செல்லும் இப்படித்தான் இருக்கும். எட்டு வாரம் கழிச்சு எண்ணிப் பாரு, இருக்கிறது இருக்கும்." அந்தப் பேச்சை ஏன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம் என்று ரேணுகாதேவி பல தடவை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். உமாபதி கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில், முதுகைப் பார்த்தபடி வாசலில் நின்று, இது எந்த வகை, தேறுகிற வகையா மற்ற வகையா என்று யோசித்தவள் இவள். புருஷனை ஸ்லைடு பார்க்கிற மாதிரி பார்க்கிற பெண்டாட்டி எந்த ஊரில் இருப்பாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு, அடுத்த சீவல்.

ஜூன் ஒன்பதாம் தேதி, பள்ளிக்கூடம் திறந்த புதிது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, லாரியிலிருந்து கொட்டியிருந்த மணலில் உமாபதியின் வண்டி சறுக்கிற்று. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது, தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டதில் கழுத்துக்குள் நரம்பு போனது. கை ஒடியவில்லை, ஒரு கீறல் கிடையாது, பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லவேளை சார் என்றார்கள். விரல்கள் அசைந்தன. அதுதான் கொடுமை, விரல்கள் எல்லாம் அப்படியே இருந்தன, சாக்பீஸைப் பிடிக்கும், உருட்டும், ஒடிக்கும், ஆனால் தோள் ஏறாது, முழங்கை மடங்காது. பதினேழு வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்ட ஆள், சாக்பீஸைப் பிடித்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றார், ஒரே ஒருநாள் நின்றார், மறுநாள் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை அந்தக் கையாலேயேதான் பிசைவார், தட்டை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, குழம்பு ஊற்றி, ஓரத்திலிருந்து ஒதுக்கி, பதமாக, எப்போதும் போல. பிசைந்து முடித்ததும் அந்தக் கை தட்டிலேயே கிடக்கும். இடது கையால் ஸ்பூனை எடுப்பார். அந்த நேரத்தில் ரேணுகாதேவி தண்ணீர் எடுக்கப் போவாள், அப்பளம் எடுக்கப் போவாள், எதையாவது எடுக்கப் போவாள். அவர் ஒருநாள்கூடக் குறைபட்டுக்கொண்டதில்லை, பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், சண்டையாவது போட்டிருக்கலாம். நாற்பத்தெட்டு. கண் கரித்தது. ஜன்னலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கம்பியைக் கொத்திவிட்டுப் போயிற்று. கேன்டீனிலிருந்து வடை எண்ணெயின் வாசனை இந்த ஃபார்மலின் நெடியையும் தாண்டி வந்தது. இரண்டு இருபத்தைந்து, இந்நேரம் சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். ஃபாரூக் சாருக்குத் தெரியாது, நோகாமல் கழற்ற வேண்டுமானால் இடது கையில் ஆரம்பிக்க வேண்டும், வலதை ஆட்டக் கூடாது. சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

செப்டம்பரில் கை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "இப்பவே திறந்து பார்த்து, கால்லேருந்து நரம்பு எடுத்து ஒட்டலாம். இல்ல, தானா வருதான்னு இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுத்தும் பார்க்கலாம். ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. ஆனா ஆறு மாசத்தைத் தாண்டிட்டா நான் ஒட்டினாலும் பிரயோஜனம் கம்மி." உமாபதி டாக்டரைப் பார்க்காமல் இவளைப் பார்த்தார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார், "நீதானே தினம் பார்க்கிற. வேர்கிட்ட அறுந்துபோனா உள்ள இருக்கிறது எவ்வளவு மிஞ்சும்?" அப்போதுதான் கடைசிக் குழுவின் ஆறு எலிகளுக்கும் அறுத்த பக்கத்தை எண்ணி முடித்திருந்தாள். கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தது, அறுத்த பக்கத்தை மட்டும் எண்ணினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேடமே சொல்லியிருந்தார். அறுக்காத எலி ஒன்றுக்குப் பத்துச் சீவலில் ஒரு பக்கம் நூறு செல் இருக்கும், முன்னேபின்னே ஒன்றிரண்டு. அறுத்த ஆறுக்கும் சேர்த்துச் சராசரி எழுபத்தைந்து வந்திருந்தது. "முக்கால்வாசி பிழைச்சிடும்ங்க, உள்ள உயிர் இருந்தா நரம்பு தானா வளரும், பொறுத்துப் பார்க்கலாம்" என்றாள். சொல்லும்போது ஒரு பெருமிதம்கூட இருந்தது, இல்லை என்று மறைக்க முடியாது, நாலு வருஷம் எலிப் புழுக்கை நாற்றத்தில் கிடந்ததற்கு வீட்டுக்கு ஒரு உபகாரம் நடக்கிறதே என்று. அவர் முகத்தில் மூன்று மாதத்துக்கப்புறம் ரத்தம் ஓடிற்று. கணக்கு வாத்தியாராயிற்றே, விடுவாரா, "சராசரிதானே சொல்ற? ஒவ்வொரு எலிக்கும் தனித்தனியா எவ்வளவு?" என்றார். நாற்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பது, தொண்ணூற்றெட்டு, நூற்றொன்று, தொண்ணூற்றொன்பது. அவள் வாயில் அந்த ஆறு எண்ணும் வந்து நின்றன. எழுபத்தைந்து என்று ஒரு எலிகூட இல்லை, எழுபத்தைந்துக்குப் பக்கத்தில்கூட ஒன்றும் இல்லை. அது அவளுக்கே உறுத்தியதுதான். "உயிருள்ளதுன்னா கொஞ்சம் முன்னபின்னதாங்க இருக்கும்" என்று சொன்னாள். சரி என்று விட்டுவிட்டார். அன்று சாயந்திரமே ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பொறுத்துப் பார்க்கிறோம் என்று டாக்டருக்குத் தகவல் போயிற்று. அதிலிருந்து முக்கால்வாசி, முக்கால்வாசி, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் முக்கால்வாசி. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் "முக்கால்வாசி வந்துரும் சார், என் வீட்டம்மா அதுலதான் ஆராய்ச்சி பண்றாங்க" என்பார். அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. சீவல் முடிந்துவிட்டது. ரேணுகாதேவி கண்ணை எடுத்துக் கவுண்டரைப் பார்த்தாள். இது பதினாறாம் நம்பர் எலி, எண்ணியது அறுக்காத பக்கம், பத்துச் சீவலும் ஆயிற்று, நூறு வந்திருக்க வேண்டும். காலையில் எண்ணிய பதின்மூன்று, பதினாலு, பதினைந்தில் நூறு வந்தது, தொண்ணூற்றேழு வந்தது, மறுபடி நூறு வந்தது. கவனமில்லாமல் பாதியை விட்டிருப்போம், மனசு இங்கேயா இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறது என்று கவுண்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி முதல் சீவலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. நடுப்புள்ளி தெரிந்தால்தான் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒரே செல்லை இரண்டு சீவலில் இரண்டு தடவை எண்ணிவிடுவோம். ஏழு, எட்டு. ஐம்பதில் நின்றது. சாயம் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் இருக்கிற ஐம்பதும் பளிச்சென்றுதான் இருக்கின்றன. சீவிய இடம் மேலே கீழே போயிருக்கலாம், ஆனால் மறுபக்கத்தில் தொண்ணூற்றெட்டு இருக்கிறதே. ஒரு பக்கம் அறுத்தால் அறுக்காத பக்கமும் கொஞ்சம் வாடும் என்று படித்திருக்கிறாள், அப்படி ஏதாவது இருக்குமோ. அதைப் படித்த அன்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆமாம், அவருக்கு அடிபட்டதிலிருந்து இவளும்தான் ஆறு கிலோ இளைத்துவிட்டாள், தலைவாரினால் கை நிறைய முடி, இதற்கு ஒரு எலியைக் கொல்ல வேண்டுமா என்று. ஆனால் வாடுவது வேறு, பாதி சாவது வேறு. தொடாத பக்கத்தில் பாதிச் செல் எப்படிச் சாகும்? பதினேழாம் நம்பர் ஸ்லைடை எடுத்து வைத்தாள். நாற்பத்தெட்டு. பதினெட்டை எடுத்தாள், அதை எண்ணக்கூட இல்லை, எண்ண வேண்டியிருக்கவில்லை.

பெரிய லென்ஸை விலக்கிச் சின்ன லென்ஸைப் போட்டு முழுச் சீவலையும் ஒரே பார்வையில் பார்த்தாள். வண்ணத்துப்பூச்சி மாதிரி சாம்பல் நிற நடுப்பகுதி, இரண்டு பக்கமும் வெள்ளை, ஒரு பக்கத்து வெள்ளையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டைதான் இந்தத் தொழிலின் உயிர். மெழுகுச் சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏற்றும்போது அது குப்புற விழுந்ததா மல்லாக்க விழுந்ததா என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது, போதாததற்கு மைக்ராஸ்கோப் தன் பங்குக்கு இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும். அதனால் தண்டுவடத்தை எலியிலிருந்து எடுத்த அந்த நிமிஷமே, எது எந்தப் பக்கம் என்று கையில் தெளிவாக இருக்கும்போதே, நல்ல பக்கத்தில் ஒரு ஊசியை நுழைத்து எடுத்துவிட வேண்டும். ஓட்டை இருக்கிற பக்கம் தொடாத பக்கம், ஓட்டை இல்லாத பக்கம் அறுத்த பக்கம், வேறு சாட்சி கிடையாது. எலி அறுக்கிற மேசைக்கு மேலே பிரிசில்லா மேடம் தன் கையாலேயே எழுதி ஒட்டிவைத்திருக்கிறார், ஊசி நல்ல பக்கத்தில். இப்போது ஓட்டைப் பக்கத்தில் பார்த்தால், தண்டுவடத்தை விட்டு வெளியே வருகிற வேர் நூலாய்ச் சூம்பி வெளிறிக் கிடந்தது. ஓட்டை இல்லாத பக்கத்து வேர் கொழுகொழுவென்று இருந்தது. அறுத்த வேர்தான் சூம்பும். பதினேழை மறுபடி வைத்துப் பார்த்தாள், பதினாறையும் பார்த்தாள், மூன்றும் ஒரே மாதிரி. ஊசி கெட்ட பக்கத்தில் ஏறியிருக்கிறது. ஏற்றியது யார் என்று கேட்க வேண்டியதில்லை, அந்தக் குழுவில் எல்லா எலிக்கும் ஊசி குத்தியது அவள்தான். செப்டம்பரில் அறுத்த பக்கம் என்று நினைத்து மூன்று எலிகளின் நல்ல பக்கத்தை எண்ணிவிட்டு, அந்த நூறையும் மற்ற மூன்றின் ஐம்பதையும் கூட்டி வகுத்துத்தான் எழுபத்தைந்து வந்திருக்கிறது. அப்படி ஒரு முக்கால்வாசி எந்த எலியிலும் கிடையாது. பாதிதான். பாதிக்குப் பாதி செத்துத்தான் போகிறது.

ரெஜிஸ்டரைப் பிரிக்கக் கை வரவில்லை, பிரித்தாள். பதினாறு, பதினேழு, பதினெட்டு, மூன்றும் ஒரே நாள், ஜூன் பத்தொன்பது, அவளுடைய கையெழுத்து. அடிபட்டுப் பத்தாவது நாள். விடுப்பு முடிந்து அவள் துறைக்கு வந்த முதல் நாள். எட்டு வாரக் கணக்கு தவறக் கூடாது, அன்றைக்கு விட்டால் மூன்று எலியும் வீண், மேடம் எதுவும் சொல்லவில்லை, இவளாகத்தான் வந்தாள். உமாபதி அப்போது வார்டில் இருந்தார். காலை ஷிப்ட் நர்ஸ் புதுசு, சலைன் ஊசி மாற்ற வந்தவள் பேசிக்கொண்டே வலது கையைப் பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டாள், பெரிய நர்ஸ் வாசலிலிருந்தே சத்தம் போட்டார், "அந்தப் பக்கம் வேணாம்மா, ஊசி நல்ல பக்கத்துல போடு." நல்ல பக்கம் என்றால் இடது. பத்து நாளாக அந்த வார்டில் எல்லாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ரத்தம் எடுக்கிறவர், பி.பி. பார்க்கிறவர், பத்தாததற்கு இவளே வருகிறவர்களிடமெல்லாம், அந்தக் கை வேண்டாம், நல்ல பக்கத்தில் உட்காருங்கள், இடது பக்கம் வாருங்கள். வலது என்றால் போன பக்கம், இடது என்றால் நல்ல பக்கம், மனசில் அப்படியே உறைந்துபோயிருந்தது. அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டு, தலையை வாரிவிட்டு, ரோட்டைக் கடந்து, மாடியேறி, கோட்டை மாட்டி, எலியைக் குப்புறப் போட்டு, முதுகைத் திறந்து, தலைக்கு மேலே ஒட்டியிருந்ததையும் ஒருதரம் படித்தாள், படித்தது நன்றாக நினைவிருக்கிறது. படித்துவிட்டு, எலிகளுக்கு அறுத்ததே இடது பக்கம்தான் என்பது மறந்து, ஊசியை எடுத்து இடது பக்கத்தில் குத்தினாள். மூன்று தடவை, நிதானமாக. கை ஒரு துளி நடுங்கவில்லை. அன்றைக்கு எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு வார்டுக்குத் திரும்பிப்போனதும் நினைவிருக்கிறது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மணி மூன்று. ரெஜிஸ்டரில் மூன்று வரியை அடித்துத் திருத்தி எழுதினால் போதும், ஆறு எலிக்கும் ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று அணிவகுத்து நிற்கும், முன்னபின்ன என்ற பேச்சே இருக்காது. தீசிஸுக்கு இதைவிட அழகான எண் கிடைக்காது, மேடம் மகிழ்ந்துபோவார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக இவளுடைய கணக்கு ஒழுங்காக வந்திருக்கிறது, அதற்கு விலை கொடுத்தவர் அங்கே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். செப்டம்பரில் ஐம்பது என்று சொல்லியிருந்தால் அன்றே சரி என்று ஆபரேஷனுக்குப் படுத்திருப்பார். ஐம்பது என்று தெரியாவிட்டாலும், அவர் கேட்டபோது அந்த ஆறு எண்ணையும் வரிசையாகச் சொல்லியிருந்தால் போதும், அந்த மனுஷன் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார், இது ஒரு கூட்டம் இல்லை ரேணு, ரெண்டு கூட்டம், எங்கேயோ தப்பு நடந்திருக்கு என்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அதைத்தானே நடத்துகிறார். ஊசியைக் குத்தியது தெரியாமல் நடந்தது, அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த ஆறு எண்ணை விழுங்கியது தெரியாமல் நடந்ததா? எலிக்கும் மனுஷருக்கும் சம்பந்தம் என்ன, எலிக்கு ஐம்பது என்றால் இவருக்கும் ஐம்பது என்று யார் சொன்னது, ஒருவேளை இவருக்கு அறுந்தே இருக்காது, வெறுமே இழுபட்டிருக்கும், தானாக வந்துவிடும், இந்நேரம் வந்துகொண்டிருக்கும். வந்துவிட்டால் இதையெல்லாம் சொல்ல வேண்டியதே இல்லை. வராவிட்டாலும், ஆபரேஷனுக்கு அவராகவே ஒத்துக்கொண்டால் அப்போதும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இங்கிருந்து தெரியும். ஆறு மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

போன் அடித்தபோது மூன்றேகால். "ரேணு, சாப்ட்டியா?" என்றார் உமாபதி. இவள் ம் என்றாள், சாப்பிடவில்லை. "டெஸ்ட் முடிஞ்சுருச்சு. ஊசிய உள்ள விட்டாங்களா, அந்த மெஷின் பொட்டில சத்தம் வந்துச்சு பாரு, தகரத்துல மழ பேயிற மாதிரி, சடசடசடன்னு. ஃபாரூக் சாரே வெளிய நின்னு கேட்டுட்டாரு. நான் வந்துருச்சுன்னுதான் நெனச்சேன்." அவர் நிறுத்தினார். ரேணுகாதேவிக்கு மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. நரம்பு கைவிட்ட தசைதான் அப்படி மழை பெய்கிற மாதிரி தானாகச் சடசடக்கும். "அப்பறந்தான் டாக்டர் சொன்னாரு, அது நல்ல சத்தம் இல்லையாம். மேக்கையில ஒண்ணுமே வரலியாம். தோள்ல மட்டும் ரெண்டு மூணு துடிப்பு வருதாம், அத நம்பலாமா வேணாமான்னு அவருக்கே தெரியல. படுக்கிறதுன்னா திங்கக்கிழமையே படுக்கணுமாம். இல்ல, அந்தத் துடிப்ப நம்பி இன்னும் ஆறு வாரம் பாக்கறதுன்னா பாக்கலாம், ஆனா அப்பறம் ஒட்டுனா ஒண்ணும் நிச்சயமில்லங்கறாரு." பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். "நான் சொன்னேன், எங்க வீட்டம்மா முக்கால்வாசி பிழைக்கும்னு எண்ணிப் பாத்துருக்காங்க டாக்டர்னு. நீ சொல்லு. பொறுத்துப் பாக்கலாமா?"

"வேணாங்க" என்றாள். "படுத்துருங்க. நான் சொன்ன கணக்கு தப்பு." ரெஜிஸ்டரைப் பார்த்தபடியே தொடர்ந்தாள், "மூணு எலிக்கு ஊசிய மாத்திக் குத்திட்டேன். நீங்க வார்டுல இருந்தீங்க அப்ப. நல்ல பக்கத்த எண்ணிட்டு அறுத்த பக்கம்னு எழுதிருக்கேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இப்பத்தான்." சொல்லிவிட்டோம் என்று தோன்றியதே தவிர பாரம் எதுவும் இறங்கவில்லை. போனில் ஆஸ்பத்திரியின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஒரு குழந்தை அழுதது, ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது.

"அப்ப எவ்வளவு?" என்றார்.

"பாதிதாங்க."

"ஆறுக்குமா?"

"ஆறுக்கும்."

"அன்னைக்கு நான் தனித்தனியா எவ்வளவுன்னு கேட்டேன்."

"கேட்டீங்க" என்றாள். "என்கிட்ட இருந்துச்சு. நான் சொல்லல."

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வைக்கவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, வகுப்பில் ஒரு கணக்கை முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். "செப்டம்பர்லயே வந்துருந்தா கை வாய்க்கு எட்டுற அளவுக்காவது கொண்டாந்துருப்பேன், இப்ப அவ்வளவு சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். அத உன்கிட்ட சொல்ல வேணாம்னு ஃபாரூக் சார்ட்ட சொல்லி வச்சிருந்தேன்." "என்னங்க" என்றாள் ரேணுகாதேவி.

"இனிமே நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ரேணு" என்றார் அவர். "ஆபரேஷன் ஃபாரத்துல கையெழுத்துப் போடணும், கை மேசைக்கு ஏற மாட்டேங்குது. வந்து தூக்கி வை."